ஒரு வருஷ மேயர்: திருமயம் சத்தியமூர்த்தி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

திருமயம் கோட்டைக்குக் கீழே டீக்கடையில் நின்றுகொண்டு சும்மா கேட்டேன். "அண்ணே, மெட்ராஸ்ல காங்கிரஸ் ஆபீஸுக்கு சத்தியமூர்த்தி பவன்னு பேரு. அந்தச் சத்தியமூர்த்தி உங்க ஊர்க்காரகதானே?"

மாஸ்டர் டீயை ஆற்றுவதை நிறுத்தாமல் சொன்னார். "எங்க ஊர்ல சத்தியமூர்த்தின்னா மலைக்கு அடியில நிக்கிற பெருமாள்தான். வேற யாரு, தெரியலயே."

அவர் சொன்னதும் பொய்யில்லை. திருமயம் பெருமாளின் பெயர் சத்தியமூர்த்திதான். குன்றைக் குடைந்த கோயிலில் அவர் நின்ற கோலத்தில் இருக்கிறார், பக்கத்திலேயே பள்ளிகொண்ட பெருமாள், அதையொட்டிச் சிவன் கோயில். அந்தப் பெருமாளின் பெயரைத் தாங்கி 1887 ஆகஸ்ட் 19 அன்று இதே ஊரில் பிறந்தவர்தான் பின்னாளில் காங்கிரஸ் தலைவரான 'தீரர்' சத்தியமூர்த்தி. ஊர் அவரை மறந்ததைப் பற்றிப் புலம்ப நான் இதை எழுதவில்லை. எனக்குக் கேள்வி வேறு.

2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. அன்றுமுதல் எங்கள் பக்கத்தில் 'மேயர்' என்ற சொல் கடைத்தெருப் பேச்சில் புழங்குகிறது. "மேயர்னா என்ன பவர் இருக்கு? கையெழுத்துப் போடுறது கமிஷனர்தானே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குச் செட்டிநாட்டு மண்ணிலிருந்தே ஒரு பழைய வழக்கை எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. சென்னை மேயர் என்ற அதிகாரம் குறைந்த ஒரு பதவியில், ஒரே ஒரு வருஷம், எதிர்த்து நின்ற அரசாங்கத்தை வைத்துக்கொண்டே ஒரு மனிதர் என்ன செய்ய முடிந்தது என்பதுதான் அந்த வழக்கு.

திருமயத்தைச் செட்டிநாடு என்று சொல்லலாமா என்று காரைக்குடிக்காரர்கள் முகம் சுளிக்கலாம். கோட்டை சேதுபதி கட்டியது, ஊர் தொண்டைமான் சீமை, அதெல்லாம் சரி. ஆனால் ராயவரம், கடியாபட்டி, விராச்சிலை, நச்சாந்துபட்டி என்று சுற்றிலும் நகரத்தார் ஊர்கள். கானாடுகாத்தான் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், சைக்கிள் மிதித்தே போய்விடலாம். அந்தக் கானாடுகாத்தானை இங்கே இழுப்பதற்கும் காரணம் உண்டு.

இரண்டு வீடுகள், ஒரே நாற்காலி

சென்னை மாநகராட்சியில் மேயர் பதவி 1688லேயே வந்தது. கம்பெனிக்காரர்கள் காலத்து ஏற்பாடு, முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன். பிறகு அந்தப் பெயர் வழக்கொழிந்து, 'பிரசிடெண்ட்' என்று தலைவர் பதவி ஓடிக்கொண்டிருந்தது. 1933இல் மறுபடி மேயர் என்று மாற்றினார்கள். அப்போது அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் கானாடுகாத்தான் அரண்மனை வீட்டுப் பிள்ளை, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன் முத்தையா செட்டியார். 1905 ஆகஸ்டில் பிறந்தவர். மேயரானபோது வயது 27.

ஆறு வருஷம் கழித்து, 1939இல், அதே நாற்காலியில் திருமயத்துக்காரர் வந்து உட்கார்ந்தார். வயது 52.

இந்த இருபத்தைந்து வயசு வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. முத்தையா செட்டியாருக்கு மேயர் பதவி ஏணியின் முதல் படிகளில் ஒன்று. நீதிக்கட்சிக்காரர், 1937 ஏப்ரலில் அமைந்த இடைக்கால மந்திரிசபையில் மந்திரி, பிற்காலத்தில் காங்கிரஸ் சார்பில் காரைக்குடி சட்டமன்ற உறுப்பினர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தர், 1973இல் பத்மபூஷண். நீண்ட, நிறைந்த வாழ்க்கை. சத்தியமூர்த்தி எந்த அரசாங்கத்திலும் மந்திரியாக இருந்ததே இல்லை. நிர்வாகம் என்று அவர் கைக்குச் சற்றேனும் நெருங்கி வந்தது அந்த ஒரு வருஷ மேயர் பதவி மட்டும்தான்.

திருமயத்திலிருந்து திருவல்லிக்கேணி வரை

சத்தியமூர்த்தியின் அப்பா வக்கீல், சமஸ்கிருதம் கற்றவர். பையன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். பெரிய குடும்பம். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரி, அப்புறம் சட்டம். எங்கள் பக்கம் ரயில் வந்ததே 1930 வாக்கில்தான். அதற்கு முன் பட்டணத்துக்குப் படிக்கப் போன பையன்கள் திருச்சி வரை எப்படிப் போயிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய நகரத்தார் பிள்ளைகளும் புறப்பட்டது இதே ரோட்டில்தான். அவர்கள் வட்டிக்கடை வைக்கப் போனார்கள், இவர் வாயை மூலதனமாக வைத்துப் போனார்.

வாய் என்று சும்மா சொல்லவில்லை. 1919இல் ரௌலட் சட்டத்தையும் மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தையும் எதிர்த்து வாதாட காங்கிரஸ் லண்டனுக்கு ஆள் அனுப்பியபோது, 32 வயது வக்கீலான இவரையும் அனுப்பியது. 1923 முதல் 1930 வரை சென்னை சட்டசபையில் சுயராஜ்யக் கட்சி உறுப்பினர். 1930இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் கொடி ஏற்றப் போய்ச் சிறை. 1934இல் மத்திய சட்டசபைத் தேர்தலில், நீதிக்கட்சியின் பெரும்புள்ளி ஏ. ராமசாமி முதலியாரைச் சென்னை நகரத்தில் தோற்கடித்து டில்லிக்குப் போனார்.

இந்தக் காலம் முழுக்க அவர் பிடிவாதமாகச் சொல்லி வந்தது ஒன்றுதான்: சட்டசபைக்கு வெளியே நின்று கூவினால் மட்டும் போதாது, உள்ளே போ, அங்கே இருக்கிற விதியை வைத்தே அவர்களை மடக்கு. காந்தி வழியில் வந்தவர்கள் பலருக்கு இது பதவி ஆசையாகத் தெரிந்தது. அவரோ மேடைக்குப் பழகியவர், நிஜ மேடைக்கும்தான். சுகுண விலாச சபையில் நாடகம் நடித்தவர். நாடகக்காரர்களைக் 'கூத்தாடிகள்' என்று ஒதுக்கிய நாளில் அவர்களைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்து வந்தவர். கே.பி. சுந்தராம்பாள் காங்கிரஸ் கூட்டங்களில் பாடியதில் இவருடைய தூண்டுதல் பெரிது.

1936இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். 1937 தேர்தலில் காங்கிரஸ் வாரிக்கொண்டு ஜெயித்தது. அதற்காக ஊர் ஊராகத் தொண்டை கிழியப் பேசியவர்களில் முதல் வரிசைக்காரர் இவர். ஆனால் பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ராஜாஜி பிரதமரானார் (மாகாண முதல்வரை அப்போது அப்படித்தான் சொன்னார்கள்). மந்திரிசபையில் இவருக்கு இடமில்லை. டில்லி உறுப்பினராகவே இருந்துவிட்டார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கல்யாண வீட்டுச் சமையல்காரர் ஞாபகம் வரும். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றவருக்குப் பந்தியில் இலை போட மறந்துவிடுவார்கள்.

ரிப்பன் கட்டிடத்தில்

இப்போது டீக்கடைக் கேள்விக்கு வருவோம். 1939இல் மேயருக்கு என்ன அதிகாரம்?

சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1919ஆம் வருஷத்துச் சென்னை மாநகராட்சிச் சட்டப்படி நிர்வாகம் கமிஷனர் கையில். கமிஷனரை நியமிப்பது அரசாங்கம். மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள், ஒரே ஒரு வருஷத்துக்கு. மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம், விருந்தாளிகளை வரவேற்கலாம், சிவப்பு அங்கியும் சங்கிலியும் போட்டுக்கொள்ளலாம், 'வணக்கத்துக்குரிய மேயர்' என்று கூப்பிடுவார்கள். பணம் வேண்டுமென்றால் அரசாங்கத்திடம்தான் போய் நிற்க வேண்டும்.

அந்த அரசாங்கமும் எப்படிப்பட்டது? 1939 செப்டம்பரில் போர் வந்தது. இந்தியாவைக் கேட்காமலே போரில் இழுத்துவிட்டார்கள் என்று அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. சென்னையில் நேரடியாக ஆளுநர் ஆட்சி. ஆக, கட்சி அரசாங்கத்தோடு முறைத்துக்கொண்டு வெளியே வந்த வேளையில், அந்தக் கட்சியின் மேயர் அதே அரசாங்கத்திடம் லட்சக்கணக்கில் பணம் கேட்க வேண்டும். போர்க் காலம் வேறு. இரும்பு, சிமெண்ட், காசு எல்லாமே போருக்குத்தான் முதலில்.

கேட்டது தண்ணீருக்காக.

சென்னையின் குடிநீர்க் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஏற்பாடு தொடங்கியது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. மூலம் கொசஸ்தலையாறு. தாமரைப்பாக்கத்தில் ஒரு அணை, அங்கிருந்து கால்வாய் வழியாகச் சோழவரம், பிறகு செங்குன்றம். இதில் ஒரு கோளாறு உண்டு. கொசஸ்தலை வருஷம் முழுக்க ஓடும் ஆறு அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் வெள்ளம் புரண்டு வரும். கால்வாய் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் திருப்ப முடியும். மிச்சமெல்லாம் எண்ணூர் பக்கம் கடலுக்குப் போய்விடும். நகரமோ வளர்ந்துகொண்டே போனது. 1931 கணக்கில் 6.47 லட்சம் பேர், 1941இல் 7.77 லட்சம்.

வழி என்ன? மேலே ஓர் இடத்தில் வெள்ளத்தை மறித்து நிறுத்தி, கால்வாய் கொள்ளும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை வரைபடம் போட்டு விளக்க வேண்டியதில்லை. ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய் பிடித்துக்கொள்ளும், அதுவும் நிரம்பினால் அதற்கடுத்தது. ஓட்டுக் கூரையில் விழும் மழையை முற்றத்தில் இறக்கி அண்டாவில் பிடிக்கிற வீடுகள், குடிதண்ணீர் ஊருணியில் கால் வைத்தால் சத்தம் போடுகிற பெரியவர்கள். வற்றாத ஆறே இல்லாத சீமை இது. அங்கே பிறந்தவருக்கு, நாலு நாள் வெள்ளம் கடலுக்குப் போவது எப்படி உறுத்தியிருக்கும் என்று எனக்கு நானே கற்பனை செய்துகொள்வதுண்டு. கற்பனைதான். அவர் வக்கீல், பொறியாளர் அல்ல. அவர் வேலை திட்டம் போடுவதில்லை, போட வைப்பது.

போட வைத்தார். பூண்டியில் கொசஸ்தலையின் குறுக்கே நீர்த்தேக்கம். 1940 ஆகஸ்டில், அவர் மேயராக இருக்கும்போதே, ஆளுநர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். பதவியேற்று ஒரு வருஷம் முடிவதற்குள். இன்றைக்கு ஒரு தெருவுக்குக் கழிவுநீர்க் குழாய் பதிக்கவே எத்தனை பட்ஜெட் கூட்டம் தாண்டுகிறது என்று காரைக்குடிக்காரர்களுக்குத் தெரியும்.

எப்படி முடிந்தது? என் கணிப்பைச் சொல்கிறேன். ஒன்று, அவர் மேயர் மட்டும் அல்ல. டில்லி மத்திய சட்டசபையிலும் உறுப்பினர், அங்கே காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவர். கேள்வி நேரத்தில் அதிகாரிகளைத் திணறடித்தவர் என்று பெயர். சென்னைக் கோட்டையில் கோப்பைத் தூங்க வைக்கிற அதிகாரிக்கு, இந்த ஆள் நாளை டில்லியில் எழுந்து நிற்பார் என்பது தெரிந்தே இருக்கும். இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆளுநரோடு ஒரே மேடையில் நிற்க அவர் கூச்சப்படவில்லை. கட்சி ஒத்துழையாமையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மாதங்கள் அவை. தனிநபர் சத்தியாகிரகம் அந்த அக்டோபரில் தொடங்குகிறது. அந்த நேரத்தில் வெள்ளைக்கார ஆளுநரைக் கூப்பிட்டு அடிக்கல் நாட்டச் சொல்ல, கொள்கையை அடகு வைக்காமலே காரியத்தை வாங்கத் தெரிந்த ஒருவரால்தான் முடியும். 'உள்ளே போய் மடக்கு' என்று இருபது வருஷம் பேசியதை, கடைசியில் சட்டசபையில் அல்ல, நகரசபையில்தான் செய்து காட்டினார்.

பூண்டி 65 லட்சம் ரூபாய் செலவில் 1944இல் முடிந்தது. கொள்ளளவு அன்று 2,573 மில்லியன் கனஅடி, பின்னால் உயர்த்தி இன்று 3,231. 1996 முதல் கிருஷ்ணா தண்ணீரும் கண்டலேறிலிருந்து இங்கேதான் வந்து சேர்கிறது. மழைக்காலத்தில் செய்தியில் "பூண்டி ஏரியின் மொத்த உயரமான 35 அடியில்" என்று வாசிப்பார்களே, அதுதான். முழுப் பெயர் சத்தியமூர்த்தி சாகர். செய்தியில் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இடறிய இடம்

வழக்கை ஒருதலையாக எழுதினால் அது ஆய்வு ஆகாது, வாழ்த்துப்பா ஆகிவிடும். ஆகவே இதையும் சொல்ல வேண்டும்.

முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சத்தியமூர்த்தியைவிட ஒரு வயது மூத்தவர். அதே மகாராஜா கல்லூரி. பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு வந்தபோது தொண்டைமான் மன்னரே தலையிட்டு இடம் கொடுத்தார். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். மருத்துவராகி, சென்னை சட்டசபைக்கு வந்து, துணைத் தலைவராகி, கோயிலில் பெண்களுக்குப் பொட்டுக் கட்டும் தேவதாசி வழக்கத்தை ஒழிக்க 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். அதை எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் சத்தியமூர்த்தி. கோயில் மரபு போகும், சங்கீதமும் நாட்டியமும் அழியும் என்பது அந்தப் பக்கத்து வாதம்.

ஒரே சீமை, ஒரே கல்லூரி, ஒரே சபை. ஒருவர் அந்த வழக்கத்தைத் தாயின் குடும்பத்துக்குள்ளிருந்து பார்த்தவர். இன்னொருவர் கச்சேரி மேடையின் எதிர்வரிசையிலிருந்து பார்த்தவர். கலைஞர்களுக்காக வாதாடிய அதே மனிதருக்கு, அந்தக் கலையின் பின்கட்டில் பெண்கள் என்ன பட்டார்கள் என்பது கண்ணில் படவில்லை. அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் முத்துலட்சுமிக்கும் அதே காலம்தான். முழுத் தடை 1947இல் சட்டமானது.

சீடர்

சத்தியமூர்த்தியின் அரசியலில் இன்னொரு வரவு, விருதுநகர்ப் பையன் ஒருவர். 1936இல் இவர் மாநிலத் தலைவரானபோது காமராஜரைச் செயலாளராக வைத்துக்கொண்டார். 1940இல் ராஜாஜி பக்கத்து வேட்பாளரைக் கொஞ்ச ஓட்டில் தோற்கடித்துக் காமராஜர் தலைவரானார். அப்போது குரு சீடருக்குக் கீழே செயலாளரானார். இன்றைய மாவட்டச் செயலாளர் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

நகரசபை விஷயத்தில் சீடர் குருவின் வழியில் போகவில்லை. 1941இல் காமராஜர் சிறையில் இருக்கும்போதே அவரை விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்து, பதவியை ஏற்று, அங்கேயே ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். முழு நேரமும் கவனிக்க முடியாத பதவி எதற்கு என்பது அவர் கணக்கு. சத்தியமூர்த்தியோ டில்லிக்கும் சென்னைக்கும் ரயிலில் அலைந்துகொண்டே மேயர் வேலையையும் பார்த்தவர். யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியவில்லை. காமராஜர் அங்கே உட்கார்ந்திருந்தால் விருதுநகருக்குத் தண்ணீர் வந்திருக்குமோ என்னவோ.

1942 ஆகஸ்டில் பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம். திரும்பி வரும் வழியில் காமராஜர் அரக்கோணத்தில் நைசாக இறங்கிப் போலீசுக்குத் தப்பி, ஊர் ஊராகப் போய் வேலைகளை முடித்துவிட்டுத்தான் கைதானார். சத்தியமூர்த்தி அந்த மாதமே கைது. வீட்டுக்குப் பக்கத்துச் சிறையில் வைக்கவில்லை, மத்திய மாகாணத்து அமராவதிக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியில் முதுகுத்தண்டில் அடி. அதிலிருந்து அவர் தேறவில்லை. 1943 மார்ச் 28, சென்னை பொது மருத்துவமனையில் இறந்தார். வயது 55.

1947இல் சுதந்திரம் வந்ததும் காமராஜர் முதலில் போய்க் கொடியேற்றியது சத்தியமூர்த்தி வீட்டில் என்று சொல்வார்கள். 1954இல் முதலமைச்சரானபோதும் அந்த வீட்டுக்குப் போய், படத்துக்கு மாலை போட்டு, அவர் மனைவியை வணங்கிவிட்டு வந்தாராம்.

போன கார்த்திகையில் திருமயம் வழியாக வரும்போது அதே டீக்கடையில் நின்றேன். நல்ல மழை, கோட்டை நனைந்து கறுத்திருந்தது. உள்ளே டிவியில் சென்னை ஏரிகளின் நீர்மட்டம் ஓடியது. பூண்டியில் உபரி நீர் திறப்பாம்.

"அண்ணே, இந்தா ஓடுதே பூண்டி, அது உங்க ஊர்க்காரர் கட்ட வச்ச ஏரி" என்றேன்.

மாஸ்டர் நிமிர்ந்து டிவியைப் பார்த்தார். "பெருமாள் பேருக்காரகளா? போன தடவை கேட்டீகளே, அவுகளா?" அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம கண்மாயி இன்னும் பாதிதாண்ணே நெறைஞ்சிருக்கு. வரத்துவாரி பூரா அடைச்சுக் கெடக்கு, யார்கிட்ட சொல்றது?" என்றார்.